நிரலைத் திறந்து வைத்தால் மட்டும் போதுமா?

இயற்பியல் ஆய்வகத்துக்குச் செல்லும் மாணவர் அனைவரும் செய்முறைப் பதிவேட்டை அறிவர். நோக்கம், தேவையான கருவிகள், சூத்திரம், செய்முறை, அட்டவணை, முடிவு, முன்னெச்சரிக்கைகள் என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. இவை எதையும் எழுதாமல், புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று ஒரே வரியை எழுதி நீட்டினால், விடை சரியாகவே இருந்தாலும் எந்த ஆசிரியரும் மதிப்பெண் தரமாட்டார். ஏன்? அந்த விடைக்கு அவர் வந்து சேர்ந்த வழியில் இன்னொருவரும் சென்று பார்க்க முடியவேண்டும். அவ்வாறு சென்று பார்க்க இயலாத முடிவை அறிவியல் ஏற்றுக்கொள்வதில்லை.

இதே அளவுகோலைக் கணிப்பொறி நிரல்களுக்கும் வைத்துப் பார்த்தால் என்ன? இன்று நம் மாவட்டத்துக் கல்லூரிகளில் நிரல் எழுதும் மாணவர் பலர் உள்ளனர். விழுப்புரத்தில் 2013ஆம் ஆண்டு முதல் குனு/லினக்ஸ் பயனர் குழு ஒன்று இயங்கி வருகிறது. கட்டற்ற மென்பொருளை மாணவரிடையே பரப்பும் தன்னார்வலர்களின் குழு அது. இத்தகைய முயற்சிகளால், எழுதிய நிரலைப் பூட்டி வைக்காமல் ஊருக்குத் தரவேண்டும் என்ற எண்ணம் இளைஞரிடையே வேரூன்றியிருக்கிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் தரும் விதம் சரியாக இருக்கிறதா என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

முதலில் இரண்டு சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்வதும், பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தத் தக்கதுமான நிரல் பகுதியை ‘மாட்யூல்’ என்பர். இக்கட்டுரையில் அதை நிரற்கூறு என்போம். மூல வரிகளை எவரும் படிக்கவும், பயன்படுத்தவும், திருத்தவும், பிறருக்குத் தரவும் உரிமை வழங்கி வெளியிடப்படுவது திறந்த மூல நிரல். ‘உரிமை வழங்கி’ என்ற சொல்லை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பின்னர் வருவோம்.

எங்கள் ஊசல் நிரலின் கதை

பிறர் குறையைச் சொல்லுமுன் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். என் மேற்பார்வையில் மாணவர் நால்வர் விழுப்புரத்தில் ஒரு சிறு நிரற்கூறு எழுதினர். தனி ஊசலின் நீளத்தையும் 20 அலைவுகளுக்கான நேரத்தையும் கொடுத்தால், புவியீர்ப்பு முடுக்கத்தைக் கணக்கிட்டு, வரைபடமும் வரைந்து தரும். எங்கள் ஆய்வகத்தில் அது பிழையின்றி ஓடியது. ஒரு மாலைப்பொழுதில் அதை இணையத்தில் ஏற்றிவிட்டு, “வெளியிட்டுவிட்டோம்” என்று மகிழ்ந்தோம்.

சில நாட்கள் கழித்து, திண்டிவனத்தில் வேறொரு கல்லூரியில் பயிலும் மாணவி ஒருவர் அதை எடுத்து நடத்திப் பார்த்தார். அவருக்கும் எங்களுக்கும் முன்பின் பழக்கமில்லை. நிரல் ஓடவே இல்லை. என்னைத் தொலைபேசியில் அழைத்தார். காரணம் தேடினோம். என் மாணவர் ஒருவரின் கணிப்பொறியிலுள்ள ஓர் உறையின் முகவரியை நிரலுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தோம்! உலகத்தில் வேறு எந்தக் கணிப்பொறியிலும் அந்த உறை இருக்கப்போவதில்லை.

அதைத் திருத்திய பின் நிரல் ஓடியது, விடை 0.098 என்று வந்தது. அவர் நீளத்தை 1 மீட்டர் என்ற பொருளில் 1 என்று கொடுத்திருக்கிறார். எங்கள் நிரலோ நீளம் சென்டிமீட்டரில் வரும் என்று எதிர்பார்த்து 100ஆல் வகுத்தது. எந்த அலகில் கொடுக்கவேண்டும் என்று நாங்கள் எங்குமே எழுதவில்லை. இதைக்கூட மன்னிக்கலாம். 0.098 என்ற விடையைப் பார்த்ததும் எவருக்கும் ஐயம் எழுந்துவிடும்.

மூன்றாவது பிழைதான் என்னைத் தூங்கவிடவில்லை. அலகைச் சொன்ன பின் அவர் 99 சென்டிமீட்டர் என்று கொடுத்தார். 20 அலைவுகளுக்கு 40.14 வினாடி. விடை 9.70. “கொஞ்சம் குறையுது சார், நான்தான் நேரத்தைச் சரியா எடுக்கல போலிருக்கு” என்றார். அவர் நேரத்தைச் சரியாகவே எடுத்திருந்தார். அவர் கொடுத்தது நூலின் நீளம். எங்கள் நிரல் எதிர்பார்த்ததோ, தொங்கு புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரையுள்ள நீளம். குண்டின் ஆரம் 1 சென்டிமீட்டர். அதைச் சேர்த்து 100 என்று கொடுத்திருந்தால் 9.80 வந்திருக்கும். நூற்றில் ஒரு பங்கு நீளம் குறைந்ததால் நூற்றில் ஒரு பங்கு விடை குறைந்தது. ‘நீளம்’ என்று மட்டும் கேட்டுவிட்டு எந்த நீளம் என்று சொல்லாதது எங்கள் தவறு. பழியைச் சுமந்ததோ அந்த மாணவி. பெரிய பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். சிறிய பிழை பயன்படுத்துபவரின் கைப்பிழையாக வேடமிட்டுக்கொள்ளும்.

நான்காவதும் அவர் சொல்லித்தான் தெரிந்தது. “சார், இதுல உங்க கிளாஸ் பசங்க மார்க்கெல்லாம் இருக்கே” என்றார். சோதித்துப் பார்ப்பதற்காக நாங்கள் வைத்திருந்த அட்டவணையில், மாணவர் பெயர், பதிவு எண், அகமதிப்பெண் எல்லாம் அப்படியே இருந்தன. நிரலோடு சேர்த்து அவற்றையும் ஊருக்குத் திறந்து விட்டிருந்தோம்!

இந்த அனுபவத்துக்குப் பிறகு எங்கள் துறையில் ஒரு வழக்கம் ஏற்பட்டது. விழுப்புரத்தில் எழுதியதைத் திண்டிவனத்தில் ஒருவர், எழுதியவரை ஒரு முறையேனும் தொலைபேசியில் அழைக்காமல், உடன் வந்த குறிப்புகளை மட்டும் படித்து நடத்திக் காட்டவேண்டும். நடத்திவிட்டால் அது வெளியீடு. இல்லையென்றால் அது வெறுமனே வெளியில் கிடக்கும் நிரல். இதற்குத் ‘திண்டிவனம் சோதனை’ என்று பெயரிட்டோம்.

ஐந்து கேள்விகள்

திண்டிவனம் சோதனையை ஐந்து கேள்விகளாகப் பிரிக்கலாம்.

முதலாவது, இது எதற்கு? நிரற்கூறு எதைச் செய்யும், எதைச் செய்யாது, எந்த அலகில் என்ன கொடுக்கவேண்டும் என்பவை முதல் பக்கத்திலேயே இருக்கவேண்டும். பதிவேட்டில் இதற்கு ‘நோக்கம்’ என்றும் ‘சூத்திரம்’ என்றும் பெயர்.

இரண்டாவது, என்னென்ன தேவை? பைத்தான் மொழியில் எழுதப்பட்டது என்றால் எந்தப் பதிப்பு? இது வீண் நுணுக்கம் அன்று. பைத்தானின் மூன்றாம் தலைமுறை 2008இல் வந்தது. இரண்டாம் தலைமுறைக்கான பராமரிப்பு 2020 சனவரி 1ஆம் நாளோடு நிறுத்தப்பட்டது. பழைய தலைமுறையில் எழுதப்பட்ட எத்தனையோ நிரல்கள் புதியதில் முதல் வரியிலேயே நின்றுவிடுகின்றன. பதிப்பு எண்ணை எழுதாமல் விடுவது, கருவிப் பட்டியலில் ‘ஒரு வில்லை’ என்று எழுதிவிட்டு அது குவிவில்லையா குழிவில்லையா என்று சொல்லாமல் விடுவதற்குச் சமம்.

மூன்றாவது, இது சரியாக வேலை செய்கிறது என்பதற்கு என்ன சான்று? திருகு அளவியைக் கையில் எடுத்ததும் நாம் என்ன செய்கிறோம்? கம்பியை அளப்பதற்கு முன், இரு முகங்களையும் ஒட்ட வைத்துச் சுழிப்பிழை பார்க்கிறோம். நிரலுக்கும் சுழிப்பிழை பார்க்கவேண்டும். விடை முன்பே தெரிந்த சில கணக்குகளைக் கொடுத்து, நிரல் அதே விடையைத் தருகிறதா என்று தானே சரிபார்க்கும் சிறு சோதனை நிரல்களை உடன் வைப்பது நல்ல வெளியீட்டின் அடையாளம். 100 சென்டிமீட்டர், 40.14 வினாடி, விடை 9.80 என்ற ஒரே ஒரு சோதனையை முதல் பக்கத்தில் வைத்திருந்தால் போதும். அந்த மாணவி தன்னையே நொந்துகொண்டிருக்க மாட்டார்.

நான்காவது, உரிமை எங்கே? இங்கேதான் மாணவர் பெரும்பாலோர் தவறுகின்றனர். ‘இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்துவிட்டேன்; இனி அது எல்லோருக்கும் சொந்தம்’ என்று எண்ணுகின்றனர். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957ஆம் ஆண்டினது. 1984ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கணிப்பொறி நிரலும் இலக்கியப் படைப்பு என்ற வகையில் சேர்க்கப்பட்டது. இலக்கியப் படைப்புக்குப் பதிப்புரிமை, ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். 20 வயது மாணவர் ஒருவர் 2025இல் ஒரு நிரல் எழுதி, 80 வயது வரை வாழ்ந்தால், அந்த நிரல் 2145ஆம் ஆண்டு முடியும்வரை அவருடையது. அவருக்குப் பின் அவர் வாரிசுகளுடையது. உரிமம் எதையும் எழுதி வைக்காமல் அதை வெளியில் வைத்தால், பார்க்கலாமே தவிர, எடுத்தாள எவருக்கும் தெளிவான உரிமை இல்லை. கதவைத் திறந்து வைத்திருக்கிறார். உள்ளே வரச் சொல்லவில்லை.

உரிமம் எழுதுவது கடினமான வேலை அன்று. நன்கு ஆராய்ந்து எழுதப்பட்ட உரிமங்கள் ஆயத்தமாகவே உள்ளன. அவற்றில் இரண்டை மாணவர் அறிந்திருக்கவேண்டும். எம்.ஐ.டி. உரிமம் ஒரு பக்கத்துக்குள் அடங்குவது: என் பெயரையும் இந்த உரிமத்தையும் உடன் வைத்துக்கொண்டு எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளுங்கள், ஆனால் பிழைக்கு நான் பொறுப்பில்லை என்பது அதன் சாரம். 1989இல் ரிச்சர்டு ஸ்டால்மன் வெளியிட்ட குனு பொது உரிமம் ஒரு நிபந்தனை விதிக்கிறது: இதை மாற்றிப் பிறருக்குத் தந்தால், மாற்றிய மூலத்தையும் இதே உரிமையோடு தரவேண்டும். எது சிறந்தது என்ற வாதம் பல ஆண்டுகளாக நடந்து வருகிறது. எதுவும் எழுதாமல் விடுவதுதான் எல்லாவற்றிலும் மோசம் என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேற்றுமை இல்லை.

ஐந்தாவது, வீட்டைப் பெருக்கினீர்களா? கடவுச் சொற்கள், பிறருடைய விவரங்கள், சொந்தக் கணிப்பொறியின் முகவரிகள் இவையெல்லாம் நிரலுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும். வெளியிட்ட பின் அழித்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைக்க வேண்டாம். கிட் போன்ற பதிப்புக் காப்புக் கருவிகள் ஒவ்வொரு மாற்றத்தையும் வரலாறாகச் சேமித்து வைக்கின்றன. இன்றைய பக்கத்தில் அழித்தாலும் நேற்றைய பக்கத்தில் அது இருக்கும். எங்கள் மதிப்பெண் அட்டவணையை நீக்குவதற்கு நாங்கள் அந்த வெளியீட்டையே முழுவதும் எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதாயிற்று. அதற்குள் எவரேனும் படி எடுத்திருந்தால் அதை எங்களால் திரும்பப் பெறவும் முடியாது. வெளியே போன கடவுச் சொல்லை அழித்தால் போதாது, மாற்றவேண்டும்.

ஓபன்-தமிழ்: ஒரு நல்ல முன்மாதிரி

இனி, தமிழ் மாணவர்க்கு நேரடியாகப் பயன்படும் ஒரு வெளியீட்டை இந்த ஐந்து கேள்விகளால் அளந்து பார்ப்போம். ‘ஓபன்-தமிழ்’ என்பது தமிழ் உரையைக் கையாள்வதற்காகப் பைத்தான் மொழியில் எழுதப்பட்ட நிரற்கூறுகளின் தொகுப்பு. ‘எழில்’ என்ற தமிழ் நிரல் மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை தொடங்கிய முயற்சி இது; பின்னர் பலர் இதில் பங்கேற்றுள்ளனர்.

இதற்கு என்ன தேவை என்பதை நம் ஊர்ப் பெயர்களைக் கொண்டே விளக்கலாம். ‘விழுப்புரம்’ என்ற சொல்லில் எத்தனை எழுத்துகள்? வி, ழு, ப், பு, ர, ம் என்று தொடக்கப் பள்ளிப் பிள்ளை 6 என்று சொல்லிவிடும். பைத்தானிடம் கேட்டால் 11 என்று சொல்லும். ‘திண்டிவனம்’ என்பதும் 6 எழுத்துதான். பைத்தானுக்கு அது 10. கணிப்பொறி பொய் சொல்லவில்லை. யூனிகோடு முறையில் ‘வி’ என்பது ஓர் எழுத்தாகச் சேமிக்கப்படுவதில்லை. ‘வ’ ஒரு குறியீடு, அதன் மேல் வரும் கொக்கி இன்னொரு குறியீடு. ‘ப்’ என்பதில் ‘ப’ ஒன்று, புள்ளி ஒன்று. குறியீடுகளை எண்ணினால் 11 வரும்; எழுத்துகளை எண்ணினால் 6 வரும். குறுக்கெழுத்துப் போட்டிக்கோ, அகரவரிசைக்கோ, யாப்பு ஆய்வுக்கோ நமக்கு வேண்டியது இரண்டாவது எண்ணிக்கை. ஒரு சொல்லைக் கொடுத்தால் அதைத் தமிழ் எழுத்துகளாகப் பிரித்துத் தரும் கூறு ஓபன்-தமிழில் இருக்கிறது. இந்த வேலையை ஒருவர் ஒருமுறை சரியாகச் செய்து வெளியிட்டுவிட்டால், தமிழில் நிரல் எழுதும் ஒவ்வொரு மாணவரும் அதைத் தொடக்கத்திலிருந்து மீண்டும் செய்யவேண்டியதில்லை. நிரற்கூறு என்பதன் பயனே இதுதான்.

ஐந்து கேள்விகளுக்கு வருவோம். நோக்கம் தெளிவாக இருக்கிறது. பைத்தானின் பொதுக் களஞ்சியத்தில் வைக்கப்பட்டிருப்பதால் ஒரே கட்டளையில் நிறுவிக்கொள்ளலாம். எம்.ஐ.டி. உரிமம் உடன் இருக்கிறது. சோதனை நிரல்களும் உடன் தரப்பட்டுள்ளன. எனக்கு மிகவும் பிடித்தது, உள்ளே வைத்திருக்கும் பெயர்கள். உயிர், மெய், அகரம், உயிர்மெய் என்னும் நம் இலக்கணச் சொற்களையே ஆங்கில எழுத்தில் செயற்கூறுகளின் பெயர்களாக வைத்திருக்கிறார்கள். பிழைதிருத்திப் பகுதிக்குச் ‘சொல்திருத்தி’ என்றே பெயர். தமிழ் வழியில் படித்த மாணவர் அந்த வரிகளைப் படிக்கும்போது ஒரு பழகிய முகத்தைக் காண்கிறார்.

குறைகளும் உண்டு. எழுத்துகளைப் பிரிப்பது, பழைய எழுத்துருக் குறியீடுகளை யூனிகோடாக மாற்றுவது, எண்களைச் சொற்களாக எழுதுவது, சொற்பிழை பார்ப்பது என்று பலதரப்பட்ட வேலைகள் ஒரே தொகுப்பில் அடைக்கப்பட்டுள்ளன. எழுத்தை எண்ண மட்டும் விரும்புபவர் முழு மூட்டையையும் சுமக்கவேண்டியிருக்கிறது. ஒரு கூறு ஒரு வேலையைச் செய்யட்டும் என்ற பழைய விதி இங்கே தளர்ந்திருக்கிறது. இரண்டாவதாக, தமிழுக்கென எழுதப்பட்ட இத்தொகுப்பின் வழிகாட்டுக் குறிப்புகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. உயிர், மெய் என்று பெயர் வைத்தவர்கள், அவற்றைப் பயன்படுத்தும் முறையையும் தமிழில் விரிவாக எழுதியிருந்தால் திண்டிவனம் சோதனையில் முழு மதிப்பெண் பெற்றிருக்கும். ஆனால் இந்தக் குறையை நீக்கும் பொறுப்பு அவர்களுடையது மட்டுமன்று. திறந்த மூலத்தில் குறை காண்பவருக்கு அதைத் திருத்தி அனுப்பும் உரிமையும் உண்டு. உரிமை இருக்கும் இடத்தில் ஓரளவு கடமையும் உண்டு.

தமிழ் நிரற்கூறு எழுதும் மாணவர்க்கு இங்கே ஒரு சோதனைச் சொல் தருகிறேன்: கோலியனூர். விழுப்புரத்தை அடுத்துள்ள அந்த ஊரின் முதல் எழுத்தான ‘கோ’வை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ‘க’வுடன் ஓகாரக் குறி ஒன்றைச் சேர்ப்பது ஒரு முறை, இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனியே சேர்ப்பது மற்றொரு முறை. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். யூனிகோடு விதியும் இரண்டும் சமம் என்றே கூறுகிறது. ஆனால் முதல் முறையில் அச்சொல்லுக்கு 9 குறியீடுகள், இரண்டாவதில் 10. இவ்விரு வடிவங்களையும் முதலில் ஒரே வடிவுக்குக் கொண்டுவராத நிரல், கோலியனூரைத் தேடினால், கண்ணெதிரே இருக்கும் கோலியனூரை ‘இல்லை’ என்று சொல்லிவிடும். உங்கள் நிரலுக்குச் சுழிப்பிழை பார்க்க இதைவிட எளிய சொல் கிடைக்காது.

எக்ஸ்பைஸ்: ஆய்வகத்துக்கான வெளியீடு

இயற்பியல் மாணவர்க்கு நெருக்கமான இன்னொரு வெளியீடு ‘எக்ஸ்பைஸ்’. புது தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தின் ‘பீனிக்ஸ்’ திட்டத்தில், அசித் குமார் வழிகாட்டுதலில் உருவான கருவி இது. கைக்கு அடக்கமான ஒரு பெட்டி, கணிப்பொறியோடு யு.எஸ்.பி. கம்பியால் இணைக்கலாம். மின்னழுத்தம் அளக்கும், அலைகளை உண்டாக்கும், நேர இடைவெளிகளை நுட்பமாக அளக்கும். மின்தேக்கி மின்னிறக்கம், மின்காந்தத் தூண்டல், ஊசல் என்று நம் பாடத்திட்டத்திலுள்ள பல சோதனைகளைச் செய்யலாம்.

இதன் நிரல் மட்டுமன்றி மின்சுற்றின் வரைபடமும் வெளியிடப்பட்டுள்ளது. ஒவ்வொரு சோதனைக்கும் நோக்கம், இணைப்புப் படம், செய்முறை, எதிர்பார்க்கத்தக்க வரைபடம் எல்லாம் கையேட்டில் இருக்கின்றன. வெளியீட்டுக் குறிப்பு செய்முறைப் பதிவேடுபோல இருக்கவேண்டும் என்று தொடக்கத்தில் சொன்னேன் அல்லவா? அதை அப்படியே செய்து காட்டியிருக்கிறார்கள். நிரல் குனு பொது உரிமத்தில் இருக்கிறது. டெபியன் என்னும் லினக்ஸ் வகையின் களஞ்சியத்திலும் இது சேர்க்கப்பட்டது.

இதன் சிக்கல் வேறு வகையானது. எக்ஸ்பைஸ் ஜூனியர், பின்னர் எக்ஸ்பைஸ்-17 என்று கருவி தலைமுறை மாறும்போது நிரற்கூறும் மாறியது. பழைய கருவிக்கு எழுதிய நிரல் புதியதில் அப்படியே ஓடாது. கருவி மேம்படும்போது இது ஓரளவு தவிர்க்க முடியாததே. ஆயினும், நம் கல்லூரிகளில் ஒருமுறை வாங்கிய கருவி பத்து ஆண்டுகளுக்கு மேல் அலமாரியில் இருக்கும் என்பதை வெளியிடுவோர் மறக்கக்கூடாது. பழைய நிரலிலிருந்து புதிய நிரலுக்கு மாறுவது எவ்வாறு என்ற ஒரு பக்கக் குறிப்பு, எத்தனையோ பழைய பெட்டிகளுக்கு உயிர் கொடுக்கும்.

பாதித் திறப்பு

திறப்பது என்ற பெயரில் பாதியை மட்டும் திறப்பதும் உண்டு. கொரோனா தொற்றின்போது நடுவண் அரசு வெளியிட்ட ‘ஆரோக்கிய சேது’ செயலியை 11 கோடிக்கு மேற்பட்டோர் ஏற்றிக்கொண்டிருந்தனர். 2020 மே 26ஆம் நாள் அதன் ஆண்ட்ராய்டு நிரல் திறந்த மூலமாக அறிவிக்கப்பட்டது. வரவேற்கத் தக்க செயல்தான். ஆனால் மக்களுடைய விவரங்கள் சென்று சேரும் வழங்கிக் கணிப்பொறியின் நிரல் அப்போது உடன் தரப்படவில்லை. செயலி என்ன அனுப்புகிறது என்பதைப் பார்க்க முடிந்தது. அனுப்பியது என்ன ஆகிறது என்பதைப் பார்க்க முடியவில்லை. பதிவேட்டில் அட்டவணையை மட்டும் காட்டிவிட்டுக் கணக்கீட்டை மறைத்ததற்கு இது ஒப்பாகும். ஐயம் எழும் இடம் எதுவோ அந்த இடத்தைத் திறந்து காட்டினால்தான் திறப்பு முழுமை பெறும்.

இதற்கு நேர் எதிரான எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்கக் கணிப்பொறி அறிஞர் டொனால்டு நூத், கணிதச் சமன்பாடுகளை அழகாக அச்சிடுவதற்காக 1978இல் ‘டெக்’ என்ற நிரலை எழுதினார். 1986இல் அதன் மூல வரிகள் அனைத்தையும் விளக்கத்தோடு ஒரு நூலாகவே வெளியிட்டார். பிழை கண்டு சொன்னவர்களுக்குப் பரிசுக் காசோலையும் அனுப்பினார். அதன் பதிப்பு எண்கள் 3.1, 3.14, 3.141 என்று வளர்கின்றன. ஒவ்வொரு திருத்தத்தின்போதும் ‘பை’யின் அடுத்த இலக்கம் சேரும். 2021இல் வந்த பதிப்பு 3.141592653. பிழையின்மையை நெருங்கிக்கொண்டே இருக்கிறோம், அடைந்துவிடவில்லை என்பதை இதைவிட அழகாக எவர் சொல்ல முடியும்?

ஒரு தடை, ஒரு விடை

“இத்தனையும் செய்த பிறகுதான் வெளியிடவேண்டும் என்றால் எந்த மாணவரும் வெளியிடவே மாட்டார், அரைகுறையாக இருந்தாலும் வெளியே வரட்டும், பிறர் திருத்துவார்கள்” என்று நண்பர் சிலர் வாதிடுவர். இதில் உண்மை இருக்கிறது. முழுமையை எதிர்பார்த்துப் பெட்டிக்குள் உறங்கிப்போன நிரல்கள் ஏராளம். திறந்த மூலத்துக்கு உழைப்பவர் பெரும்பாலோர் ஊதியமின்றி, இரவிலும் விடுமுறையிலும் உழைப்பவர்கள் என்பதையும் மறக்கக்கூடாது.

ஆனால் நான் கேட்பது முழுமையை அன்று, உண்மையை. அரைகுறை நிரலை வெளியிடுவதில் தவறில்லை. அது அரைகுறை என்பதைச் சொல்லாமல் விடுவதே தவறு. பதிப்பு எண்ணை 0.1 என்று தொடங்கினால், இது இன்னும் மாறக்கூடியது என்று பொருள். நிரலாளரிடையே இது மரபு. ‘நீளத்தைச் சென்டிமீட்டரில், குண்டின் மையம் வரை அளந்து கொடுக்கவும். 20 அலைவுகளுக்கு மட்டும் பொருந்தும். சிறு வீச்சுகளுக்கே சரி’ என்று மூன்று வரி எழுத ஐந்து நிமிடம் போதும். அந்த ஐந்து நிமிடத்தை நாம் செலவிடாததால் அந்த மாணவி ஒரு பிற்பகலை இழந்தார். பத்து பேர் பயன்படுத்தினால் பத்து பிற்பகல்கள். எழுதுபவர் மிச்சப்படுத்தும் நேரம் எங்கோ ஒருவரின் கணக்கில் கடனாக ஏறுகிறது.

இதில் தமிழ் வழி மாணவர்க்கு இன்னும் ஒரு கணக்கு இருக்கிறது. குறிப்பில்லாத நிரலை அனுபவமுள்ள நகரத்துப் பொறியாளர் தட்டுத் தடுமாறியேனும் ஓட்டிவிடுவார். முதல் முறையாகக் கணிப்பொறி முன் அமரும் கிராமத்து மாணவர் முதல் தடங்கலிலேயே, ‘இது நமக்கு வராது’ என்று எழுந்து போய்விடுவார். எழுதியவரின் சோம்பல், படிப்பவரின் தகுதிக்குறைவாகத் தோற்றமளிக்கிறது. 9.70 என்ற விடையைப் பார்த்து அந்த மாணவி தன்னை நொந்துகொண்டதும் இதே கதைதான்.

எங்கள் ஊசல் நிரல் இப்போது மீண்டும் வெளியாகியிருக்கிறது. அட்டவணையில் இருப்பவை கற்பனைப் பதிவுகள். உரிமம் உண்டு. சோதனைக் கணக்குகள் மூன்று உண்டு. தமிழில் இரண்டு பக்கக் குறிப்பு உண்டு. அந்தக் குறிப்பை எழுதியவர் அதே திண்டிவனத்து மாணவிதான். நிரலில் ஒரு வரியும் அவர் எழுதவில்லை. ஆனாலும் அந்த நிரலை உண்மையில் வெளியிட்டவர் அவரே என்று எங்கள் மாணவர் நால்வரும் ஒப்புக்கொள்கின்றனர்.

மாணவ நண்பர்களே, உங்கள் நிரலை வெளியிடுமுன் பக்கத்து ஊரில், பழக்கமில்லாத ஒருவரிடம் கொடுத்துப் பாருங்கள். அவர் அருகில் நின்று விளக்காதீர்கள்; தொலைபேசியையும் எடுக்காதீர்கள். அவர் எங்கே தடுமாறுகிறார் என்பதை மட்டும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் நிரலில் இன்னும் எழுதப்படாமல் இருக்கும் வரிகள் அவைதாம்.